ராமனும் வைரமும்

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் 28-ஆம் தேதியன்று நமது தேசமெங்கும் விஞ்ஞான தினம் கொண்டாடப்படுகிறது. 1987-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் இக்கொண்டாட்டத்தில் ஸர் சந்திரசேகர வேங்கட ராமனைப் பற்றி நிகழ்த்தப்பெறும் உபந்நியாசங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கப்பற் பிரயாணம், கடலின் நீலம், ஒளிச் சிதறல், ஸ்டாக்ஹோமில் பரிசு. இவற்றோடு கதை முடிந்துவிடுகிறது. பரிசு பெற்ற 1930-ஆம் ஆண்டுக்குப் பின் அவர் இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதையும், அவற்றுள் பல ஆண்டுகளை வைரம் என்னும் ஒரு கல் கவர்ந்துகொண்டது என்பதையும், அக்கல்லின் பொருட்டு அவர் தொடுத்த பெருவழக்கில் தீர்ப்பு அவருக்குப் பாதகமாகவே முடிந்தது என்பதையும் மேடையில் எவரும் சொல்லக் கேட்டிலோம். சொல்லாமல் விடுவது அம்மகானுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறார்கள் போலும். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. வைரத்தின் கதை இன்று குவாண்டம் கணிதப் பொறிகள் வரை நீண்டு வந்துவிட்டபடியால், அதை முழுமையாகவே சொல்லிவிடுவது நலம்.

அவருடைய பூர்வ சரித்திரம் வாசகர்கள் அறிந்ததே. சுருக்கமாகக் கூறிச் செல்வோம். 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் போதித்த ஆசிரியர். விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்ததால் ராமனின் இளமை அக்கடற்கரையில் கழிந்தது. சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் 1904-ல் பி.ஏ. பட்டமும் 1907-ல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். மாணவராயிருக்கும்போதே, 1906-ல், அவருடைய கட்டுரையொன்று லண்டன் சாஸ்திரப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஆயினும் அக்காலத்தில் ஆராய்ச்சி வயிற்றை நிரப்பாது. நிதி இலாகாப் பரீக்ஷையில் முதல்வராகத் தேறி, பதினெட்டு வயதில் கல்கத்தாவில் உதவிக் கணக்கு அதிகாரியாக அமர்ந்தார். பகலில் சர்க்கார் கணக்கு. காலையிலும் இரவிலும், மகேந்திரலால் ஸர்க்கார் 1876-ல் ஸ்தாபித்த விஞ்ஞான சங்கத்தின் ஆய்வுக்கூடம். இவ்வாறு பத்து ஆண்டுகள் சென்றன. 1917-ல் கல்கத்தா ஸர்வகலாசாலையில் பாலித் ஆசிரியர் பதவி கிடைத்தபோது, அதிகச் சம்பளமுள்ள உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தார்.

அக்காலத்தில் அவர் மனம் சங்கீத வாத்தியங்களில் தோய்ந்திருந்தது. தோற்கருவிகளின் ஓசை பொதுவாக ஸ்வர ஒழுங்கற்றது. நமது மிருதங்கமும் தபேலாவும் மட்டும், அவற்றின் தோலின்மீது இடப்படும் கருஞ்சாந்தினால், தந்தி வாத்தியம் போல் ஒழுங்கான ஸ்வர வரிசையைத் தருகின்றன என்பதை அவர் கண்டு விளக்கினார். ஒரு பொருளைத் தட்டினால் அது தனக்குரிய சில ஸ்வரங்களில் மாத்திரமே ஒலிக்கும் என்ற எண்ணம் அவருள் ஆழ வேரூன்றியது இவ்விடத்திலேதான் என்று நமக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் வைரத்தையும் அவர் ஒரு வாத்தியமாகவே பார்த்தார். அதனால் விளைந்த நன்மையும் உண்டு; தீமையும் உண்டு.

1928-ல், கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து, ராமன் விளைவைக் கண்டார். ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அப்பொருளின் அணுக்களது அதிர்வுக்கு ஒளி தன் சக்தியில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டோ, அதனிடமிருந்து பெற்றுக்கொண்டோ வெளியேறுகிறது. மாறிய நிறத்தை அளந்தால் அணுக்கள் என்ன வேகத்தில் அதிர்கின்றன என்பதை அறிந்துவிடலாம். 1930-ல் ஸி. ராமஸ்வாமி இம்முறையை வைரத்தின்மீது பிரயோகித்தபோது, நிறமாலையில் தனியான, கூர்மையான ஒரே ஒரு கோடு தோன்றியது. பௌதிகர்கள் அதை 1332 என்ற எண்ணால் குறிக்கிறார்கள். விநாடிக்கு ஏறத்தாழ நாற்பது லட்சம் கோடி அதிர்வுகள் என்பது அதன் பொருள். வைரத்தில் கரி அணுக்கள் இரண்டு அணிகளாகப் பின்னிப் பிணைந்து நிற்கின்றன. ஓரணி ஒரு புறமும் மற்றோரணி எதிர்ப்புறமுமாக அசைவதே இவ்வதிர்வு.

இந்த எண்ணை வாசகர்கள் சிறிது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் யாவும் அதைப் பற்றியே நிற்கின்றன. பொருள்களின் உஷ்ணம் என்பது அணுக்களின் அசைவேயன்றி வேறில்லை. ஆனால் ஒவ்வோர் அதிர்வும் தனக்குரிய குறைந்தபட்சச் சக்தியைப் பெற்றாலன்றி எழாது. அரையணாக் கொடுத்து ஓரணாப் பொருளைப் பாதியாக வாங்க முடியாதது போன்றது இது. கரி அணு இலேசானது. வைரத்தில் அதன் கட்டோ மிக இறுக்கமானது. ஆதலின் வைரத்தின் அதிர்வு விலையுயர்ந்த அதிர்வு. 1332-ஆம் அதிர்வு தாராளமாக எழவேண்டுமானால் சுமார் 1,900 டிகிரி கெல்வின் உஷ்ணம் வேண்டும். நாம் வாழும் அறையின் உஷ்ணம் 300 டிகிரியே. அவ்வுஷ்ணத்தில் அவ்வதிர்வு எழுந்திருப்பது சராசரி அறுநூற்றில் ஒரு பங்குதான். மற்றப் பொருள்கள் கொதித்துக் குதிக்கும் வெப்பத்திலும் வைரம் ஏறக்குறைய உறைபனியில் கிடப்பது போல் அடங்கியிருக்கிறது. 1907-ல் ஐன்ஸ்டைன் திடப்பொருள்களின் உஷ்ணத்தைக் குவாண்டம் கொள்கையால் முதன்முதல் விளக்கியபோது வைரத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டது இதனால்தான்.

1933-ல் ராமன் பங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்றார்; அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அக்காலத்தில் ஜெர்மனியில் ஹிட்லரின் கொடுமைக்கு ஆளாகி நாடிழந்து நின்ற விஞ்ஞானிகளை நம் நாட்டுக்கு வரவழைக்க வேண்டுமென்று அவர் துடித்தார். அவ்வழைப்பின் பேரில் 1935-ல் பங்களூர் வந்து சில மாதம் தங்கியவர் மாக்ஸ் பார்ன். குவாண்டம் சாஸ்திரத்தை உருவாக்கியவருள் ஒருவர். ஸ்படிகங்களின் அதிர்வைப் பற்றி 1912-ல் வான் கார்மானுடன் சேர்ந்து ஒரு கொள்கையை நிறுவியவர். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் முயன்றார். கழகத்துக்குள் கிளம்பிய எதிர்ப்பினால் அம்முயற்சி பலிக்கவில்லை. பார்ன் 1936-ல் எடின்பரோவுக்குச் சென்றார். நிர்வாகச் சண்டையில் ராமனும் 1937-ல் தலைமைப் பதவியைத் துறந்து பௌதிகப் பேராசிரியராக மட்டும் அங்கே தங்கினார். வேதாளத்தைத் தோளில் சுமந்து வருவதென்றால் கழகத்தார் அஞ்சாமலிருப்பார்களா? ராமனின் பிடிவாதம் அத்தகையது. ஆயினும் உலகறிந்த மேதை ஒருவரை அன்று நாம் கைநழுவ விட்டோம் என்ற குறை நமக்கு இன்றும் உண்டு.

இவ்விருவரும், ஒருவர் மற்றவருக்காகப் போராடிய இவ்விருவருமே, சில ஆண்டுகளுக்குள் எதிர் எதிர்க் கக்ஷியில் நின்றார்கள். விவாதம் இதுதான். ஸ்படிகத்தில் கோடானுகோடி அணுக்கள் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கின்றன. ஆகவே அதன் அதிர்வுகளும் எண்ணிறந்தவை. ஏரியில் அலைகள் சிறிதும் பெரிதுமாக இடைவெளியின்றி எழுவது போல அதிர்வுகளின் வரிசையும் தொடர்ச்சியானது என்பது பார்னின் கொள்கை. அன்று, ஸ்படிகம் ஏரியன்று, வீணை, பக்கத்துப் பக்கத்து அணுக்கூடுகள் ஒத்தோ எதிராகவோ அசையும் சில வகை அதிர்வுகளே அதில் உண்டு, அவை விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பது ராமனின் கொள்கை. வைரத்துக்கு எட்டே ஸ்வரங்கள் என்று அவர் கணக்கிட்டார். பார்ன், டெபை முதலியோர் கொள்கைகள் பிழையென்றும் ஐன்ஸ்டைன் 1907-ல் காட்டிய பாதையே சரியென்றும் 1940-க்குப் பின் ஓயாது எழுதினார்.

வாய்ச்சொல்லால் மட்டும் வாதாடவில்லை. சாக்ஷிகளைத் திரட்டினார். தென்னாப்பிரிக்க வைரங்களும் மத்திய இந்தியாவின் பன்னா வைரங்களுமாக நூற்றுக்கணக்கில் சேர்த்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஆர். எஸ். கிருஷ்ணன் என்பார் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைக்கொண்டு, முன்னெவரும் காணாத, வைரத்தின் மிக மங்கலான இரண்டாம்நிலை நிறமாலையைப் படமெடுத்தார். அப்படத்தில் சிகரங்கள் எழுந்து நின்றன. ராமன் அவற்றைத் தம் ஸ்வரங்கள் என்றார். வழக்கு வென்றதாகவே பங்களூரில் எண்ணினார்கள். ஆனால் எடின்பரோவில் பார்னின் மாணவி ஹெலன் ஸ்மித், தொடர்ச்சியான அலைக் கொள்கையினின்றும் அதே சிகரங்களைக் கணக்கிட்டுப் பெறலாமென்று 1948-ல் காட்டிவிட்டார்! ஒரே தஸ்தாவேஜை இரு கக்ஷியாரும் தமக்குச் சாதகமாகக் காட்டுவது நியாயஸ்தலத்துக்குப் புதிதன்று. அங்கெல்லாம் வேறொரு சாக்ஷியம் வரும் வரை தீர்ப்பு ஒத்திவைக்கப்படும். இங்கும் அப்படியே ஆயிற்று.

சாக்ஷி நியூட்ரான் வடிவில் வந்தது. ஸ்படிகத்துக்குள் நியூட்ரான்களைச் செலுத்தி, அவை இழந்து வரும் சக்தியையும் திரும்பும் திசையையும் அளந்தால், எந்த அலை எந்த வேகத்தில் அதிர்கிறதென்று ஒவ்வொன்றாகப் படித்துவிடலாம். 1967-ல் வைரத்தின் அளவுகள் விவரமாக வெளியாயின. வரிசை தொடர்ச்சியானது. ராமன் தோற்றார்.

இவ்வாக்கியத்தை ஒரு தேசியப் பத்திரிகை அச்சிடலாமா என்று நம் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். தேசபக்தி என்பது நம்மவர் கூறியதெல்லாம் சரியென்று சாதிப்பதானால், அந்தப் பக்தி நமக்கு வேண்டுவதில்லை. அன்றியும் தோல்வியிலும் அளவு உண்டு. சிகரங்கள் ஏன் எழுகின்றன என்பதை 1953-ல் வான் ஹோவ் என்பார் விளக்கினார்: தொடர்ச்சியான வரிசையிலும் சில இடங்களில் அலைகள் நெருக்கமாகக் குவிகின்றன. ராமன் கூறிய ஸ்வரங்களின் இடமும் அவ்வாறு குவியும் இடங்களே. எங்கே நோக்க வேண்டுமென்பதை அவர் கண் சரியாகக் கண்டது. அங்கே மட்டுமே அதிர்வு உண்டென்று அவர் வாய் மிகையாகச் சொல்லிவிட்டது. பெருமையைக் கொடுக்கும்போது குறையாமலும், குற்றத்தைச் சொல்லும்போது கூட்டாமலும் சொல்வோமாக.

இரண்டாவது விவகாரம் இதனினும் வேடிக்கையானது; இன்றைய கதைக்கு நெருங்கியதும்கூட. சில வைரங்களை ஊதா ஒளியில் பிடித்தால் அவை நீலமாகவும், பச்சையாகவும், மஞ்சளாகவும் தாமே ஒளிர்கின்றன, சில ஒளிர்வதில்லை. வைரங்கள் இருவகைப்படும் என்பதை இங்கிலாந்தில் ராபர்ட்ஸன், பாக்ஸ், மார்ட்டின் என்ற மூவர் 1934-ல் காட்டியிருந்தனர். இவ்வேறுபாடும் ஒளிர்வும் கல்லில் கலந்த மாசினால் விளைவதாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை ராமன் ஏற்கவே இல்லை. வைரம் தன் இயல்பிலேயே வெவ்வேறு ஸமச்சீர் அமைப்புகள் உடையது, அவை ஒன்றோடொன்று கலப்பதாலேயே ஒளி பிறக்கிறது என்று 1944-ல் விரிவாக எழுதினார். 1959-ல் கைஸர், பாண்ட் என்ற இருவர் வைரத்துக்குள் நைட்ரஜன் இருப்பதைக் கண்டுபிடித்தனர். மாசுதான்! வைரத்தின் ஒளிர்வுகளிற் பலவும், அணிவகுப்பில் ஒரு கரி அணு இல்லாத வெற்றிடத்தருகே வேற்றணு வந்து அமர்வதால் உண்டாகும் பழுதுகளின் ஒளியே என்பது இன்று நிலைபெற்ற உண்மை. ராமனுக்கு அக்கல்லின்மீதிருந்த காதல் அதில் குறை காண விடவில்லை போலும்.

அந்த ஒளியை அளந்து அளந்து கண் பூத்தவர்கள் அவருடைய மாணாக்கர்கள். அவர்களுள் அன்னா மணி என்ற மாதரசியைப் பற்றி இங்கே சொல்லாமல் செல்வது அநீதி. திருவாங்கூரின் பீர்மேட்டில் 1918-ல் பிறந்து, சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்து, 1940-ல் உபகாரச் சம்பளத்தில் பங்களூர் சேர்ந்தவர். முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் ஒளியைப் படமெடுத்தார். ஒளி மிக மங்கலானது. ஒரு தகட்டில் பதிய பதினைந்து இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. வைரத்தைக் குளிர்வித்தால் ஒளியின் கோடுகள் எவ்வாறு கூர்மையடைகின்றன, சூடாக்கினால் எவ்வாறு அகன்று மங்கிவிடுகின்றன என்பதை அவரும், அவருக்கு முன் பி. ஜி. என். நாயரும் அளந்து எழுதினர். உஷ்ணமும் அணுக்களின் அதிர்வும் பழுதின் ஒளியைத் தீண்டும் விதத்தை அளந்த முதல் அளவுகளுள் இவையும் சேரும். 1945-ல் அன்னா மணி தம் ஆராய்ச்சி நூலைச் சென்னை ஸர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையென்று கூறி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். விதி விதிதான், ஆனால் அந்த விதியைக் கையாண்டவர்கள் அந்நூலைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அவர் சீமை சென்று, வானிலைக் கருவிகளின் நுட்பத்தைக் கற்றுத் திரும்பி, அத்துறையில் தேசத்துக்குப் பெருந்தொண்டு புரிந்து 2001-ல் காலமானார்.

இனி இக்காலத்துக்கு வருவோம். வைரத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் அருகே ஒரு வெற்றிடமும் சேர்ந்த பழுது ஒன்று உண்டு. பச்சை ஒளி பட்டால் அது சிவந்த ஒளியை வீசும். அதில் அகப்பட்ட எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரு சிறு காந்தம் போன்றது. அக்காந்தத்தின் நிலைக்கேற்பச் சிவப்பொளி கூடியும் குறைந்தும் வருகிறது. ஆகவே காந்தத்தின் நிலையை ஒளியைக்கொண்டே படிக்கலாம். 1997-ல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் இத்தகைய பழுது ஒன்றைத் தனியாகவே பிரித்துக் கண்டு, அதன் காந்த நிலையையும் படித்தார்கள். இதைக் குவாண்டம் கணிதத்தின் அடிப்படை எண்ணான க்யூபிட்டாக உபயோகிக்கலாம். மற்ற க்யூபிட்டுகள் பலவற்றை ஏறத்தாழ அறவே உஷ்ணமற்ற நிலைக்குக் குளிர்விக்க வேண்டியிருக்க, இதுவோ அறை வெப்பத்திலேயே வேலை செய்கிறது. காரணம் மேலே சொன்ன 1332-தான்: வைரத்தின் அதிர்வு விலையுயர்ந்தது; அறை வெப்பத்துக்கு அதை வாங்கும் சக்தி போதாது; சுழலும் எலெக்ட்ரான் ஓரளவு நிம்மதியாக இருக்கிறது.

முற்றிலும் நிம்மதி என்று சொல்வதற்கில்லை. அறை வெப்பத்தில் இக்காந்தம் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு விநாடிக்குள் தன் நிலையை மறந்துவிடுகிறது. மறக்கச் செய்வது அதிர்வே. ஓர் அதிர்வு வந்து மோதுகிறது. வேறோர் அதிர்வாக மாறிச் செல்கிறது. இரண்டுக்குமுள்ள சக்தி வித்தியாசத்தைக் காந்தம் ஏற்றுத் தலைகீழாகிறது. ஒளி ஒரு நிறத்தோடு வந்து வேறு நிறத்தோடு செல்வதைப் போன்றதேயன்றோ இது? ஆதலின் பௌதிகர்கள் இதற்கும் ராமன் நிகழ்ச்சி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். குளிர்விக்கக் குளிர்விக்க அதிர்வுகள் அருகுகின்றன, மறதியும் குறைகிறது. 2018-ல் ஹாலந்தின் டெல்ப்ட் நகரில் 4 டிகிரி கெல்வினுக்கும் கீழே வைத்துப் பார்த்தபோது, காந்தம் புரளாமல் நிற்கும் காலம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை எட்டியது. குவாண்டம் நிலையின் நுட்பமான ஒழுங்கையும் ஒரு விநாடிக்கு மேலாகக் காக்க முடிந்தது.

பழுதுகளெல்லாம் ஒரே ஜாதியுமல்ல. நைட்ரஜனுக்குப் பதிலாக ஸிலிகான் அமர்ந்த பழுது ஒளியை அழகாக வீசுகிறது. ஆனால் அதன் எலெக்ட்ரான் மிகச் சிறிய, அதாவது மிக மலிவான அதிர்வுக்கும் இடங்கொடுத்துவிடும் அமைப்புடையது. அதனிடம் வேலை வாங்க வேண்டுமானால் ஒரு டிகிரி கெல்வினில் பத்தில் ஒரு பங்கு வரை குளிர்விக்க வேண்டியிருக்கிறது.

உஷ்ணத்தால் விளையும் இன்னொரு மாறுதலைத் தீமையென்று ஒதுக்காமல் நன்மையாக்கிக்கொண்டிருக்கிறார்கள். நைட்ரஜன் பழுதின் காந்த நிலைகளுக்கிடையே, வெளிக் காந்தம் எதுவுமில்லாதபோதும், விநாடிக்கு 287 கோடி அதிர்வுகளுக்குச் சமமான ஓர் இடைவெளி உண்டு. ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் அவ்விடைவெளி சுமார் 74,000 அதிர்வுகள் குறைகிறது. கல் விரிவதும், அணுக்களின் அசைவு மிகுவதும் இதற்குக் காரணம். அக்குறைவை அளந்தால் கல்லே வெப்பமானியாகிவிடுகிறது. 2013-ல் ஹார்வர்டு ஸர்வகலாசாலையில் கண்ணுக்குத் தெரியாத வைரத்துகள்களை மனித உடலின் உயிரணு ஒன்றுக்குள்ளே புகுத்தி, அவ்வுயிரணுவின் உள்வெப்பத்தையே அளந்தார்கள்.

நமது சர்க்காரும் 2023-ஆம் ஆண்டில் 6,000 கோடி ரூபாய்க்குச் சிறிது மேற்பட்ட தொகையில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. பழுதுள்ள வைரங்களை நம்மவர் மறுபடியும் கையிலெடுத்திருக்கிறார்கள். இம்முறை பழுதைப் பழுதென்றே அழைக்கிறார்கள்.

ராமன் 1948-ல் கழகத்தினின்றும் ஓய்வு பெற்றுத் தம் பெயரால் விளங்கும் ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்குச் சென்றார். 1954-ல் பாரத ரத்னம் அவருக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் பார்னுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. வைரத்தைப் பற்றிய தம் கொள்கையை ராமன் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பார்ன் 1970-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி இறந்தார். ராமன் அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி. அவருடைய தகனம் பங்களூரில் அந்த ஸ்தாபனத்துத் தோட்டத்திலேயே நடந்தது. பட்டம் மறுக்கப்பட்ட அன்னா மணியின் ஆராய்ச்சி நூல் அதே ஸ்தாபனத்தின் நூல்நிலையத்தில் இருக்கிறது.